பரங்கிக்காய்க்கு முன்னால் டர்னிப்

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், காஸில்பார் ஊரையொட்டி டர்லோ பார்க் என்றொரு பழைய மாளிகை வளாகம். கிராமத்து வாழ்க்கைக்கான தேசிய அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. அதில் ஒரு சின்னத் தலை வைத்திருக்கிறார்கள். குழிவிழுந்த கண், இளித்த வாய், முகமெல்லாம் சுருக்கம். செத்துப் பல நாளான கிழவனை அடுப்பில் வாட்டி எடுத்த மாதிரி. அது டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கு. சரியாகச் சொன்னால் அந்த விளக்கின் பிளாஸ்டர் வார்ப்பு. டோனகால் மாவட்டத்து ஃபின்டவுனிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை 1943இல் அனுப்பிவைத்தது. அசல் கிழங்கு இற்றுப்போய்க்கொண்டிருந்ததால் வார்ப்பு எடுத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 31 ராத்திரிப் பண்டிகையான ஹாலோவீன் என்றதும் நம் மனசில் வருவது ஆரஞ்சு நிறத்தில் சிரிக்கும் பரங்கிக்காய். பந்திக்குக் கடைசியில் வந்து தலைவாழை இலையில் உட்கார்ந்துகொண்ட விருந்தாளி அது. அதற்கு முன்னால் டர்னிப், அதற்கும் முன்னால் மாடு.

ஒவ்வொரு அக்டோபரிலும் வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றும். 2000 ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்து, பிரிட்டன் பக்கத்துக் கெல்ட் மக்கள் மரண தேவனுக்கு விழா எடுத்தார்கள், பேயை ஏமாற்ற முகமூடி போட்டார்கள், ரோமானியர் ஆப்பிளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள், கடைசியில் சர்ச் மொத்தத்தையும் சுருட்டிக்கொண்டது என்று. கேட்க நன்றாக இருக்கும். தட்டிப் பார்த்தால் பாதிக்குமேல் உதிர்ந்துவிடும். உதிராமல் நிற்பது வீட்டுக்குள் இருக்கும் சங்கதிகள்: அடுப்பு, கழுவு தண்ணீர், முட்டைக்கோசுத் தண்டு, ரொட்டி, கிழங்கு. இந்தப் பண்டிகையை அவற்றின் வழியாகப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

முதலில் பெயர். இந்தப் பண்டிகையின் பழைய பெயர் சௌன் (Samhain). ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கே அதுதான் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘சம்ஹைன்’ என்று படிப்பவர்கள் நிறைய. நடுவில் இருக்கும் ‘ம்’ வாயில் வராது. அக்டோபர் 31 ராத்திரிக்கு ‘ஈஹ ஹௌனா’, அதாவது சௌன் இரவு. ஹாலோவீன் என்ற சொல்லில் ஐரிஷ் எதுவும் இல்லை. ‘சகல புனிதர்களின் முந்தின மாலை’ என்னும் ஆங்கிலத் தொடர், ஸ்காட்லாந்துக்காரர் வாயில் தேய்ந்து சுருங்கியது.

முந்தின மாலை ஏன்? பொழுது சாய்ந்ததுமே மறுநாள் பிறந்துவிடும் கணக்கு. இன்றைய பிரான்ஸ் பக்கத்துக் ‘கால்’ (Gaul) நாட்டு மக்கள் நாள்களை இரவுகளால் எண்ணுகிறார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதிவைத்திருக்கிறார். சர்ச்சிலும் பெருவிழாவுக்கு முந்தின மாலையே வழிபாடு தொடங்கிவிடும். ஆக நவம்பர் 1இன் விழா அக்டோபர் 31 அந்தியில் ஆரம்பித்துவிடுகிறது.

இனி மாடு. பழைய அயர்லாந்தில் வருஷம் இரண்டு பாதி. மே 1இல் மாடுகளை மலை மேய்ச்சலுக்கு ஓட்டுவார்கள்; ஊர் இளவட்டங்கள் கூடவே போய்க் குடிசை போட்டுத் தங்கிப் பால் கறந்து வெண்ணெய் எடுப்பார்கள். நவம்பர் 1க்குள் எல்லாம் கீழே வந்தாக வேண்டும். குளிர்காலம் முழுக்கத் தீவனம் போட முடியாத மாடுகளை அடித்துவிடுவார்கள். குத்தகைப் பணம் கட்டும் நாளும் பண்ணையாள் கணக்குத் தீர்க்கும் நாளும் இந்த இரண்டுதான். தானியம், கிழங்கு, எரிக்கும் கரிமண் எல்லாம் அதற்குள் வீடு வந்து சேர வேண்டும். இதற்குமேல் வெளியே கிடப்பது மனுஷனுக்கு இல்லை. சௌனுக்குப் பிறகு காட்டு நாவல்போலக் கறுத்துப் பழுக்கும் பிளாக்பெர்ரியைப் பிள்ளைகள் தின்னக் கூடாது. பூக்கா என்ற குட்டிச்சாத்தான் அதன்மேல் துப்பிவிட்டுப் போய்விடும். அந்தச் சமயத்துப் பழத்தைப் பறித்துப் பார்த்தால் காரணம் தெரியும். பனி பட்டு நீர்கோத்து, பூஞ்சை பிடித்து, வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும். துப்பியது பூக்கா என்றால் பிள்ளை கேள்வி கேட்காமல் கையை எடுத்துவிடும்.

இப்படி இது மேய்ப்பர்களின் கணக்கு முடிக்கும் நாள். மரண தேவன் எங்கே வந்தான்? 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் இருந்த சார்ல்ஸ் வலன்ஸி என்ற ராணுவப் பொறியாளர் வழியாக வந்தான். ஐரிஷ் மொழியையும் கீழைத்தேச மொழிகளையும் மனம்போனபடி முடிச்சுப் போட்டு எழுதித் தள்ளியவர் அவர். சௌன் என்பது ஒரு தெய்வத்தின் பெயர் என்று அவர் எழுதியதை அடுத்தடுத்து வந்தவர்கள் அப்படியே பிரதியெடுத்தார்கள். பழைய ஐரிஷ் நூல்கள் எதிலும் அப்படியொரு தெய்வம் கிடையாது. காலத்தின் பெயர் மட்டும்தான். ரோமானியரின் பொமோனா விழாவும் இதே ரகம். பொமோனா பழத்தோட்டத் தேவதை என்பது சரி. அவளுக்கு நவம்பரில் ஒரு விழா நடந்ததற்கு ரோமானிய நாட்காட்டியில் சான்றில்லை. ஆப்பிள் விளையாட்டுக்குக் காரணம் ரொம்ப எளிது: அது ஆப்பிள் பறித்து முடித்திருக்கும் மாதம்.

2000 ஆண்டு என்ற எண்ணுக்கு ஆதரவாக ஒரு வெண்கலத் தகட்டைக் காட்டுவார்கள். 1897இல் பிரான்ஸில் கொலினி என்ற ஊரில் துண்டு துண்டாகக் கிடைத்த கெல்ட் நாட்காட்டி. அதில் ‘சமோனி’ என்று ஒரு மாதமும், ‘சமோனியின் மூன்று இரவுகள்’ என்று படிக்கத்தக்க ஒரு குறிப்பும் உண்டு. ஆனால் அந்தச் சமோனி கோடையில் வருகிறதா, குளிர் தொடக்கத்திலா என்பதிலேயே அறிஞர்களுக்குள் தகராறு தீரவில்லை. இதைவிட எனக்கு வலுவாகப் படுவது அயர்லாந்தின் தாரா குன்றில் இருக்கும் ‘பிணையாளிகளின் மேடு’. சுமார் 5000 ஆண்டு பழைய கல்லறை மேடு, கெல்ட் மொழிகளுக்கும் முந்தியது. நவம்பர் தொடக்கத்திலும் பிப்ரவரி தொடக்கத்திலும் சூரியன் உதிக்கும்போது வெளிச்சம் அதன் நடைவழிக்குள் நேராக விழுகிறது. அந்தத் தேதியை யாரோ மிகப் பழங்காலத்திலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். அன்று என்ன செய்தார்கள் என்பதைக் கல் சொல்லாது.

சொல்வது கதைகள். ரொஸ்கொமன் மாவட்டத்தில் ராத்கிரோகன் என்ற இடம், பழைய கோனாக்ட் அரசர்களின் இருப்பிடம். அங்கே தரையோடு தரையாக ஒரு குகைவாய் இருக்கிறது. பெயர் பூனைக் குகை. முட்செடிக்கு அடியில் குனிந்து, தவழ்ந்து இறங்க வேண்டும். சௌன் இரவில் வேற்றுலகம் திறக்கும் வாசல் இதுதான் என்பது இடைக்காலக் கதைகளின் கணக்கு. அதை ஒட்டி நடப்பது நேரா என்ற வீரனின் கதை.

சௌன் இரவு. அரசன் அய்லிலும் அரசி மேவும் கொட்டகையில் இருக்கிறார்கள்; கொப்பரையில் கறி வேகிறது. முந்தின நாள் இரண்டு கைதிகளைத் தூக்கில் போட்டிருந்தார்கள். யாராவது வெளியே போய் அதில் ஒரு பிணத்தின் காலில் முறுக்கிய கொடியைக் கட்டிவிட்டு வந்தால், பொற்பிடி போட்ட என் வாள் அவனுக்கு என்கிறான் அய்லில். போனவர்களெல்லாம் இருட்டில் பயந்து திரும்புகிறார்கள். நேரா போகிறான். மூன்று முறை கட்டுகிறான், மூன்று முறையும் கொடி தெறித்து விழுகிறது. தூக்கில் தொங்குகிற பிணம் சொல்கிறது: சரியான முளை அடித்துக் கட்டு, இல்லையென்றால் விடியும்வரை இதையேதான் செய்துகொண்டிருப்பாய். கட்டி முடித்ததும் பிணம் அடுத்தது கேட்கிறது: தூக்கில் போடும்போது எனக்குத் தாகமாக இருந்தது, என்னை முதுகில் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் காட்டு.

வேதாளத்தைச் சுமந்த விக்கிரமாதித்தன் நினைவு வந்தால் வரட்டும். இந்தப் பிணம் புதிர் போடாது. முதல் வீட்டைச் சுற்றி நெருப்பு வளையம். அங்கே நமக்கு ஒன்றும் கிடைக்காது என்கிறது பிணம், ஏனென்றால் அந்த வீட்டில் படுக்கும் முன் அடுப்பை ஒழுங்காக மூடிவைத்திருக்கிறார்கள். இரண்டாவது வீட்டைச் சுற்றித் தண்ணீர். அங்கேயும் போகாதே, அவர்கள் கழுவிய தண்ணீரை ராத்திரி வீட்டில் வைக்கிறதில்லை. மூன்றாவது வீட்டில் குளித்த தண்ணீரும் கழுவிய தண்ணீரும் தொட்டியில் அப்படியே கிடக்கிறது, அடுப்பும் மூடாமல் கிடக்கிறது. பிணம் உள்ளே போய்க் குடிக்கிறது. கடைசி வாயை வீட்டிலுள்ளவர்கள் முகத்தில் துப்புகிறது. அத்தனை பேரும் சாகிறார்கள்.

கதை இன்னும் நீளும். நேரா திரும்பிவந்தால் கோட்டை எரிந்து கிடக்கிறது. எரித்தவர்களின் பின்னாலேயே குகைக்குள் போகிறான். அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறான். நீ பார்த்தது இன்னும் நடக்கவில்லை, அடுத்த சௌனுக்கு நடக்கப்போவது, போய் எச்சரி என்று அவள் அனுப்புகிறாள். நம்பவைக்கக் கோடைக்காலச் செடிகளைக் கையில் கொண்டு வெளியே வருகிறான். கொப்பரையைச் சுற்றி அதே ஆட்கள். கறி இன்னும் இறக்கவில்லை. எனக்குப் பிடித்த இடம் அந்த மூன்றாவது வீடு. பயங்கரமான பேய்க்கதை, அதன் நடுவில் ஒரு வீட்டுக் குறிப்பு: படுக்கும் முன் தணலை மூடு, அழுக்குத் தண்ணீரைக் கொட்டு. கூரை வேய்ந்த வீட்டில் அடுப்பை மூடாமல் படுத்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதே வீட்டுக் கவலை பல நூற்றாண்டு கழித்தும் வருகிறது. 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் சுமார் 5000 பள்ளிகளில் சுமார் 50,000 பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து, தாத்தா பாட்டி சொல்வதை எழுதிவரச் சொன்னது. நவம்பர் தொடக்கத்து இரவுகளைப் பற்றிய ஐரிஷ் வழக்கங்களில் திரும்பத் திரும்ப வருபவை: வாசலைத் தாழிடாதே, அடுப்பில் நெருப்பு இருக்கட்டும், நாற்காலியை அடுப்புப் பக்கம் திருப்பிப் போடு, குடிக்கத் தண்ணீர் வை. வருவது அந்த வீட்டின் செத்தவர்கள். பயமுறுத்த வருவதில்லை, குளிர்காய வருகிறார்கள். வெளியே தண்ணீர் ஊற்றுவதானால் சத்தம் கொடுத்துவிட்டு ஊற்று. இருட்டில் நிற்பவர்மேல் பட்டுவிடக் கூடாது.

சர்ச்சின் கணக்குக்கு வருவோம். ரோமில் பாந்தியன் கோயிலைப் போப் நான்காம் போனிஃபாஸ் கன்னி மரியாளுக்கும் எல்லா மறைசாட்சிகளுக்குமாக அர்ப்பணித்தது மே 13இல், 609 வாக்கில். 8ஆம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரி புனித பேதுரு ஆலயத்தில் சகல புனிதர்களுக்கும் ஒரு சிற்றாலயம் வைத்தார். 800 வாக்கில் இங்கிலாந்திலும் ஜெர்மானியப் பகுதிகளிலும் சிலர் நவம்பர் 1ஐக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். 835இல் இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பகுதிகளை ஆண்ட பிராங்கிய சாம்ராஜ்யம் முழுக்க அது விதியாயிற்று. கெல்ட் விழாவை அமுக்கத்தான் இந்தத் தேதி என்றால், அயர்லாந்தில்தான் முதலில் வந்திருக்க வேண்டும். ஆனால் அதே காலத்து ஐரிஷ் புனிதர் பட்டியலில் இந்த விழா ஏப்ரல் 20இல் இருக்கிறது! வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் சுட்டிக்காட்டிய இந்த ஒரு தேதி, ‘சர்ச் திருடிக்கொண்டது’ கதையின் அச்சாணியைப் பிடுங்கிவிடுகிறது. நவம்பர் 1 ஜெர்மானிய வடக்கிலிருந்து வந்த தேதி. சௌனோடு வந்து மோதியது தற்செயலாகவும் இருக்கலாம்.

செத்தவர்களை இந்த நாள்களோடு இறுகக் கட்டியவர் பிரான்ஸின் க்ளூனி மடத்துத் தலைவர் ஓடிலோ. 998 வாக்கில், தம் ஆளுகைக்குட்பட்ட மடங்களில் எல்லாம் நவம்பர் 2ஐ இறந்த எல்லா விசுவாசிகளுக்குமான ஜெப நாளாக்கினார். அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு இது வீட்டுச் சங்கதி: கல்லறைத் திருநாள். களை பிடுங்கி, வெள்ளையடித்து, பூ வைத்து, அந்தியில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கல்லறைத் தோட்டமே மினுங்குவதற்குப் பின்னால் இருப்பது அந்த ஓடிலோவின் ஆணைதான். நம் பழைய ஜெபப் புத்தகங்கள் சொல்லும் ‘உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்கள்’, அதாவது மோட்சத்துக்கு முன் பாவம் தீர்த்துக்கொண்டிருக்கும் ஆத்துமாக்கள், அன்று ஜெபத்துக்காகக் காத்திருப்பார்கள்.

இந்தக் காத்திருப்பிலிருந்துதான் வீடு வீடாகப் போகும் வழக்கம் கிளம்பியது. இங்கிலாந்தில் ஏழைகளும் பிள்ளைகளும் வாசலில் நின்று பாடுவார்கள். வீட்டார் ‘ஆத்தும ரொட்டி’ என்ற சின்ன ரொட்டியைக் கொடுப்பார்கள். வாங்கியவர் அந்த வீட்டுச் செத்தவர்களுக்காக ஜெபிக்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தம் உத்தரிக்கிற ஸ்தலமே கிடையாது என்றதும் ஜெபம் கழன்றது. பாட்டும் ரொட்டியும் செஷயர், ஷ்ராப்ஷயர் பக்கங்களில் தங்கிவிட்டன. 1605இல் பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த வெடிமருந்துச் சதிக்குப் பிறகு இங்கிலாந்துக்கு நவம்பர் 5 நெருப்புத் திருவிழா கிடைத்துவிட்டதால், ஹாலோவீன் அங்கே இளைத்து, ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும்தான் கொழுத்து நின்றது. ஸ்காட்லாந்தில் வேஷம் கட்டி வரும் பிள்ளை சும்மா கையை நீட்டக் கூடாது. பாட்டோ விடுகதையோ சொல்லிவிட்டுத்தான் ஆப்பிளும் கொட்டையும் வாங்க வேண்டும். அப்பாவின் கோட்டை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டு, முகத்தில் கரி பூசினால் வேஷம் முடிந்தது.

வீட்டுக்குள் நடந்தது குறி பார்க்கும் ஆட்டம். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதிய ஹாலோவீன் கவிதைக்கு அவரே அடிக்குறிப்பு போட்டு ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வது என்று விளக்கியதால் விவரம் பிசகாமல் கிடைக்கிறது. கண்ணை மூடி, ஜோடியாகக் கைகோத்துத் தோட்டத்துக்குப் போய், கையில் முதலில் படும் முட்டைக்கோசு இனத்துக் கேல் கீரைச் செடியைப் பிடுங்க வேண்டும். தண்டு நெட்டையா குட்டையா, நேரா கோணலா என்பது வரப்போகும் துணையின் உடம்பு. வேரில் ஒட்டிவரும் மண் சீதனம். உள்தண்டைக் கடித்துப் பார்த்தால் இனிப்போ கசப்போ, அது குணம். தோட்டக்காரன் பாடுதான் திண்டாட்டம். காலையில் பாதிப் பாத்தி காலியாகியிருக்கும்.

கொட்டை ஆட்டத்துக்கு இரண்டு கொட்டைகளுக்கு ஆண் பெயர் ஒன்று, பெண் பெயர் ஒன்று வைத்துத் தணலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். சேர்ந்து அமைதியாக எரிந்தால் நல்ல குடித்தனம். ஒன்று வெடித்து எகிறிப் போனால் சம்பந்தம் முறியும். உள்ளே ஈரமிருக்கும் புதுக் கொட்டையில் நீராவி அடைபட்டு ஓடு பிளந்துதான் எகிறும். போன வருஷத்துக் காய்ந்த கொட்டை சாதுவாகக் கருகும். இது தெரிந்த பாட்டிகள் எந்தக் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்பார்கள் என்பது அவரவர் ஊகம். செய்து பார்ப்பதானால் திறந்த கரியடுப்பில், இரண்டடி தள்ளி நின்று. கேஸ் அடுப்பில் வேண்டாம், தெறிக்கும் ஓடு சூடாக வரும்.

ஆப்பிள் தோலை அறாமல் ஒரே நாடாவாகச் சீவி இடது தோளுக்குமேல் பின்னால் எறிந்தால், விழும் வடிவம் துணையின் முதலெழுத்து. நாடா சுருண்டுதான் விழும் என்பதால் ஆங்கிலத்தில் ‘எஸ்’, ‘சி’ எழுத்துக்காரர்கள் காட்டில் மழை. நள்ளிரவில் தனியாக ஒரு மெழுகுவர்த்தியோடு கண்ணாடி முன் நின்று ஆப்பிள் தின்றால் தோளுக்குப் பின்னால் ஒரு முகம் தெரியும் என்பது இன்னொன்று. இதைச் சிரித்துத் தள்ள வேண்டாம், நிஜமாகவே தெரியும். இத்தாலியின் உர்பினோ பல்கலைக்கழகத்தில் ஜோவான்னி கபுட்டோ 50 பேரை மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடி முன் 10 நிமிடம் உட்காரவைத்தார். விளக்கு முதுகுக்குப் பின்னால், கண்ணாடி 40 சென்டிமீட்டர் தள்ளி. தன் முகமே பயங்கரமாக உருமாறியதாக 66 சதவீதம் பேர் சொன்னார்கள். வேற்று முகங்களைக் கண்டவர்களும் உண்டு. 2010இல் வெளியான ஆய்வு. ஒரே இடத்தை வெறித்துப் பார்த்தால் ஓரத்திலிருப்பது மங்கி அழியும். இல்லாததை மூளை இட்டு நிரப்பும்.

அயர்லாந்தில் இந்தக் குறி எல்லாம் ஒரு ரொட்டிக்குள் போயிற்று. பார்ம்பிராக். ‘பிராக்’ என்றால் புள்ளி போட்டது, உலர்பழப் புள்ளிகள். அந்தக் காலத்தில் அன்று விரத நாளாக இருந்ததால் கத்தோலிக்க வீட்டில் கறி இருக்காது. உருளைக்கிழங்கை மசித்துக் கேல் கீரையும் வெண்ணெயும் கலந்த கோல்கேனனும், ஆப்பிள் கேக்கும், இந்த ரொட்டியும்தான் விருந்து. ஈஸ்ட் போட்டுச் செய்வது பழைய முறை. வீட்டில் சுலபமானது தேநீர் பிராக்.

உலர்திராட்சை, சுல்தானா கலந்து 350 கிராம். 300 மில்லி கடுங்காப்பி நிறத்துக்கு வடித்த, பால் விடாத தேநீரில், 150 கிராம் நாட்டுச் சர்க்கரையோடு ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் தேநீரை வடிக்கக் கூடாது, மொத்த ஈரமும் அதுதான். நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு முட்டையை ஊற்றினால் பொடிமாஸ் ஆகிவிடும். அடித்த முட்டை ஒன்று, மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, பட்டை-ஜாதிக்காய்-கிராம்புப் பொடி ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. கரண்டியிலிருந்து தொப்பென்று விழும் பதம் வேண்டும். ஒழுகினால் பழமெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும், அப்போது இரண்டு மேசைக்கரண்டி மைதா சேர்க்கலாம். மாவைப் போட்டபின் அதிகம் கிண்டினால் ரப்பராகும். 900 கிராம் ரொட்டி அச்சில் ஊற்றி 170 டிகிரி செல்சியஸில் ஒரு மணிநேரத்திலிருந்து ஒன்றேகால் மணிநேரம். சர்க்கரை மிகுதி என்பதால் மேலே சீக்கிரம் கறுக்கும், நடு வேகாது. 40 நிமிடத்தில் மேலே ஃபாயில் மூடினால் தப்பிக்கலாம். குச்சி சுத்தமாக வந்ததும் எடுத்து, ஆறவைத்து, சுற்றி, மறுநாள் வெட்டுங்கள். அன்றே வெட்டினால் உதிரும்.

உள்ளே வைப்பவை: மோதிரம் வந்தால் வருஷத்துக்குள் கல்யாணம். காசு வந்தால் பணம். கந்தல் துணி வறுமை. காய்ந்த பட்டாணி, இந்த வருஷம் கல்யாணம் இல்லை. குச்சி வந்தால் கல்யாணத்தில் அடிதடி. ஒவ்வொன்றையும் பேக்கிங் தாளில் சுற்றி, மாவை அச்சில் ஊற்றியபின் தள்ளித் தள்ளி அழுத்திவிட வேண்டும். மாவோடு சேர்த்துக் கிண்டினால் எல்லாம் ஒரே துண்டில் வந்து சேரும், ஒருவருக்கே கல்யாணமும் வறுமையும் அடிதடியும். கடிக்கும் முன் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வெறும் ரொட்டி போதும்.

இனிக் கடல் தாண்டல். 1845 முதல் 1852 வரை அயர்லாந்தின் பெரும் பஞ்சம் சுமார் 10 லட்சம் பேரைக் கொன்றது, அதே அளவு பேரை நாட்டைவிட்டுத் துரத்தியது. அவர்களோடும் ஸ்காட்லாந்துக்காரர்களோடும் ஹாலோவீன் வட அமெரிக்கா போயிற்று. அங்கே முதலில் வளர்ந்தது விடலைப் பையன்களின் அட்டகாசம்: வாசல் கதவைக் கழற்றுவது, வண்டியைக் கூரைமேல் ஏற்றுவது. மின்னசோட்டாவின் அனோக்கா நகரம் 1920இல் ஊர்வலம் நடத்தி அவர்களுக்கு வேலை கொடுத்துப் பார்த்தது. ‘கொடுக்கிறாயா, கோளாறு பண்ணட்டுமா’ என்று வாசலில் கேட்கும் வழக்கம் அச்சில் முதலில் தலைகாட்டிய இடங்களில் கனடாவின் ஆல்பர்ட்டாவும் ஒன்று, 1927. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன்; 1947இல் அது நீங்கியதும் மிட்டாய்க் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. மற்றது ஊரறிந்த கதை.

பரங்கிக்காய் அந்த மண்ணின் காய். டர்னிப்பைக் குடைந்து கை வலித்தவர்களுக்கு, பெரிதாகவும் உள்ளே ஏற்கெனவே பொள்ளலாகவும் இருந்த காய் வரப்பிரசாதம். அதே அமெரிக்கக் குடும்பத்துக் காய்தான் போர்ச்சுக்கீசியர் காலத்தில் நம்மிடமும் வந்தது. பரங்கியர் கொண்டுவந்ததால் பரங்கிக்காய். ஆனால் நம் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் வேறு இனம், சதை கெட்டி. விளக்குக்கு வளர்க்கும் அமெரிக்க ரகம் சுவர் மெலிந்து, நாராக, நீர்த்துப்போய் இருக்கும். செதுக்க நல்லது, சமைக்க மட்டம். நம்முடையது நேர்மாறு, பால்கூட்டு வைப்பதே மேல். பிடிவாதமாகச் செதுக்குவதானால் மேலே மூடி வெட்டாமல் அடியில் வெட்டித் திறங்கள். மேல் விளிம்பு உள்வாங்காது. முகம் வரும் பக்கத்துச் சுவரை 2.5 சென்டிமீட்டருக்குச் சுரண்ட வேண்டும். நார் மிஞ்சினால் பூஞ்சை அங்கேதான் தொடங்கும். 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச் கலந்து கழுவி, காயவைத்து, வெட்டு விளிம்புகளில் வாசலின் தடவினால் குளிர்நாட்டில் ஒரு வாரம் நிற்கும். சென்னை அக்டோபரில் இரண்டாம் நாளே மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும். அப்படிக் கழுவியதைச் சமைக்கக் கூடாது.

டர்னிப்புக்குப் பொறுமை வேண்டும். அயர்லாந்தில் டர்னிப் என்றால் மஞ்சள் சதையும் ஊதாத் தலையுமான பெரிய கிழங்கு. அது அங்கே வயற்பயிரானதே 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்குப் பிறகு. டர்னிப் விளக்கை 2000 ஆண்டு வழக்கம் என்பவர்கள் இதை யோசிப்பதில்லை. ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாத, 15 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கிழங்கு எடுங்கள். அடியைச் சீவித் தட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் உருளும். மேலே 3 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடி. சதையில் கத்தியால் கட்டம் கட்டமாக ஆழக் கீறி, கெட்டியான எவர்சில்வர் கரண்டியால் நெம்பி எடுக்க வேண்டும். வழுக்கும், ஈரத்துணியில் சுற்றிப் பலகைமேல் வைத்துத்தான் குடைய வேண்டும், மடியிலோ உள்ளங்கையிலோ வைத்துக் குடைந்தவர்கள்தான் கையை அறுத்துக்கொள்கிறார்கள். ஒரு மணிநேரமாவது ஆகும். சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு வந்தால் போதும். மெலிந்தால் கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் பிளக்கும். உள்ளே 6 சென்டிமீட்டர் அகலமாவது இருந்தால்தான் சின்ன மெழுகுவர்த்தி சுவரைச் சுடாமல் நிற்கும். மூடியில் விரல் நுழையும் அளவு ஓட்டை போட வேண்டும். காற்றுப் போக வழியில்லாவிட்டால் சுடர் தத்தளித்து அணைந்துவிடும். விளிம்புக்குக் கீழே இரண்டு பக்கமும் துளையிட்டுக் கம்பி கோத்தால் தூக்கிப் போகலாம். எரியும்போது மூடி கருகி, அவிந்த முட்டைக்கோசும் தீய்ந்த மண்ணும் கலந்த ஒரு வாடை வரும்.

செதுக்கிய அன்று பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வழவழவென்று, மஞ்சளாக, ஏதோ பொம்மை மாதிரி. வெளியே காற்றில் விட்டுவிடுங்கள். இரண்டாம் நாள் வெட்டு விளிம்புகள் பழுப்பாகும். மூன்றாம் நாள் தோல் சுருங்கத் தொடங்கும். நான்காம் நாள் கண்குழி உள்ளே இழுத்துக்கொள்ளும், உதடு பின்வாங்கிப் பல் வெளியே நீளும், நெற்றியில் வரி விழும். ஃபின்டவுன் ஆசிரியை அனுப்பிய கிழங்கில் வார்ப்பு எடுத்தபோது அகப்பட்டது இந்த முகம்தான்.